தனி டாக் பெட்டி தேவையா? கல்லடி வீட்டில் நான் கண்டது

டிஜிட்டல் பாட்டைக் காதுக்குக் கேட்கும் ஒலியாக மாற்றித் தரும் தனி டாக் பெட்டி ஒன்று மூன்று மாதமாக என்னிடம் இருக்கிறது. வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

வீடு மட்டக்களப்புக் கல்லடியில், கடற்கரைக்குக் கிட்ட. ஸ்பீக்கருக்குச் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிற பாவித்த அம்ப் ஒன்று, இரண்டு ஸ்பீக்கர், பழைய சிடி பிளேயர், ஒரு லாப்டொப். பகலில் ஒன்றும் தெரியாது. இரவு ஃபேனை நிறுத்திவிட்டு, அப்பா கசெட்டில் பிடித்து வைத்த வடமோடிக் கூத்தை லாப்டொப்பில் போட்டால், மத்தளம் ஓய்கிற இடமெல்லாம் ‘உம்ம்’ என்று ஓர் இரைச்சல். மவுஸை அசைத்தால் அதற்கு மேல் ஒரு கீச்சொலி. சார்ஜரைக் கழற்றினால் உம்ம் அடங்கிவிடும்.

அதற்காகத்தான் டாக் வாங்கினேன். முதலில் யுஎஸ்பி வயரில் கொடுத்தேன். கீச்சொலி போயிற்று, உம்ம் போகவில்லை. காரணம் பிறகுதான் விளங்கியது. சார்ஜர் வழியாக ஓர் எர்த், அம்ப் வழியாக இன்னொன்று. நடுவில் யுஎஸ்பி வயரின் செம்பு இரண்டையும் சேர்த்து வளையமாக்கிவிடுகிறது. அப்புறம் லாப்டொப்பை டிவிக்குக் கொடுத்து, டிவியிலிருந்து ஒப்டிகல் வயரில் டாக்குக்கு எடுத்தேன். ஒப்டிகலில் போவது வெளிச்சம், கரண்ட் கடக்க வழியில்லை. அன்றிரவு மத்தளம் ஓய்ந்ததும், கசெட்டின் ‘ஸ்ஸ்’ சத்தத்துக்குள்ளே, அடுத்த அடிக்கு முன் கூத்தை நடத்துகிற அண்ணாவியார் மூச்சு இழுப்பது கேட்டது. இருபது வருடமாகக் கேட்கிற பதிவு. அந்த மூச்சை நான் அதுவரை கேட்டதேயில்லை.

சிடி பிளேயர் விஷயம் வேறு. அதையும் டாக் வழியாகப் போட்டதும் பாட்டு விரிந்து கேட்பதுபோல இருந்தது. மச்சான் நம்பவில்லை. போனில் சத்தம் அளக்கும் ஆப்பை வைத்துப் பார்த்தோம். டாக் வழியாக வந்தது கொஞ்சம் சத்தம் கூட, அவ்வளவுதான். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, நான் சுவரைப் பார்த்து உட்கார, அவர் மாற்றி மாற்றிப் போட்டார். பத்துத் தடவையில் ஐந்துதான் சரி. சிடியின் 16 பிட்டிலேயே ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சு, அதாவது மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் இடைவெளி, இருக்கிறது. சாதாரண கசெட்டுக்கு 50, 60தான். அப்பாவின் கூத்தை 24 பிட்டில் மாற்றி வைத்தும் கேட்கும்போது எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

கல்முனையிலிருந்து:
அண்ணா, ஒப்டிகல் போடுகிறவர்களுக்கு ஒன்று. எங்கள் வீட்டில் டாக்கில் விளக்கு எரிந்தது, சத்தம் வரவில்லை. பழுது என்று கடைக்குக் கொண்டுபோக இருந்தேன். டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டொல்பி (சுருக்கி அனுப்புகிற ஒலி) என்று இருந்ததை பிசிஎம் (சுருக்காத ஒலி) ஆக்கியதும் வந்துவிட்டது. ஸ்டீரியோ டாக் பெரும்பாலானவை டொல்பியை எடுக்காது.

அக்கரைப்பற்றிலிருந்து:
நான் டாக்கோடு, இணையத்திலிருந்து பாட்டெடுத்துப் போடும் ஸ்ட்ரீமர் பெட்டியும் வாங்கி, ஸ்ட்ரீமரை விற்றுவிட்டேன். அதில் வருகிற பாட்டெல்லாம் போனிலேயே இருக்கிறது. எங்கள் ஹோல் முழுக்க டைல்ஸ், வெறும் சுவர். எதிரொலியில் பாடுகிறவரின் சொல்லே கலங்கிப்போகும். விற்ற காசில் மருதமுனைக் கைத்தறித் துணி எடுத்துத் தடிப்பாகத் திரை தைத்தேன். கீழே பாய் விரித்து, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுத்தேன். “புதுப் பெட்டி வாங்கினியா மகன்?” என்று உம்மா கேட்டா.

கல்லடியிலிருந்து மீண்டும்:
திரை யோசனை எனக்குத் தோன்றவேயில்லை, இந்தக் கிழமையே துணி பார்க்கப் போகிறேன் தம்பி. கடலோரம் இருக்கிறவர்கள் இன்னொன்றும் பாருங்கள். உப்புக்காற்றில் என் அம்பின் பின்பக்க ஜக்கெல்லாம் பச்சை பிடித்துக் கிடந்தது. கரண்டைக் கழற்றிவிட்டுத் துடைத்தேன். சத்தம் விட்டுவிட்டு வந்த இடப்பக்க ஸ்பீக்கர் அன்றிலிருந்து ஒழுங்காகப் பாடுகிறது.