பொருள்: லேடிபக், படக்கதைக்குப் பெயர் வேண்டும் (வெள்ளிக்குள்)

மன்னார்குடி, திங்கள்

அனைவருக்கும் வணக்கம். மூன்றாம் வகுப்புக்காக ஒரு படக்கதையைத் தமிழாக்குகிறோம். 16 பக்கம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கதாநாயகி ஒரு லேடிபக், சிவப்பு ஓட்டில் கறுப்புப் புள்ளி உள்ள குட்டி வண்டு. அகராதிப்படி 'பொறிவண்டு' என்று எழுதி வகுப்பில் வாசித்தேன். "டீச்சர், அது எலி பிடிக்குமா?" என்று கேட்டான் ஒரு பையன். அவனுக்குத் தெரிந்த பொறி எலிப்பொறிதான். வேறு சொல் உண்டா?

ஆடுதுறை, திங்கள்

மாற்றாதீர்கள் டீச்சர். வேளாண்மைத் துண்டறிக்கைகளில் பொறிவண்டு நிலைத்துவிட்டது. சம்பாப் பயிரில் புகையான் பூச்சியின் குஞ்சையும், உளுந்தில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியையும் தின்கிற வண்டு இது. 'புள்ளிவண்டு' மட்டும் வேண்டவே வேண்டாம். கத்தரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும் 28 புள்ளி வண்டும் இதே குடும்பம். நல்லதையும் சேர்த்து மருந்தடித்துவிடுவார்கள்.

திருவையாறு, செவ்வாய்

பொறி என்றாலும் புள்ளிதானே, தம்பி? மதுரைக்காஞ்சியின் 'பொறிமயிர் வாரணம்' புள்ளி இறகுச் சேவல். பொறிக்குத் திருமகள் என்ற பொருளும் உண்டு. 'பொறியின்மை யார்க்கும் பழியன்று' என்ற குறளில் நல்லூழ். இருந்தாலும் என் வாக்கு 'மூதாய்'க்கு. அகநானூற்றில் 'ஒண்செம் மூதாய்' வருகிறது. முது, ஆய்: முதிய தாய். ஆங்கிலம் சீமாட்டி என்பதை நம் புலவர் தாய் என்றே சொல்லிவிட்டார். கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிது தேடலாமா?

ஆடுதுறை, செவ்வாய்

ஐயா, மூதாய் தம்பலப்பூச்சி அல்லவா? மழை விட்டதும் மண்ணில் பட்டுப்போல் ஊருமே, அது. எட்டுக் கால், இறக்கை கிடையாது, சிலந்திக்கு உறவு. கதையில் வருவது ஆறு கால், பறக்கிறது.

வேளாங்கண்ணி, செவ்வாய்

அந்தச் 'சீமாட்டி' மரியன்னை. ஏழு புள்ளியை மாதாவின் ஏழு வியாகுலங்களாகவும் (துயரங்கள்), சிவப்பை அவர் மேலாடையாகவும் பார்த்தார்கள். ஜெர்மானியர் இன்றும் மரியாவின் வண்டு என்கிறார்கள். எனக்கு 'மாதா வண்டு' பிடித்திருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகுமா என்பதை டீச்சர் முடிவு செய்யட்டும்.

மன்னார்குடி, புதன்

இன்று பிள்ளைகளை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனேன். உளுந்துச் செடியில் ஒன்று இருந்தது. ஒரு சிறுமி விரலை நீட்டினாள், ஏறியது. இன்னொருத்தி தொட்டதும் கால் மூட்டிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டுக் கசிந்தது. நகக்கண் வரை ஏறி, சிவப்பு ஓட்டை இரண்டாகத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த மெல்லிய இறக்கையை விரித்துப் பறந்தது. "டீச்சர், பொட்டுவண்டு போயிருச்சு!" என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அதையே வைக்கலாமா?

திருவையாறு, புதன்

பொட்டு நல்ல தமிழ்தான். 'பூச்சிபொட்டு' என்கிறோமே, அங்கே பொட்டே பூச்சி. அப்படியானால் பொட்டுவண்டு 'பூச்சிவண்டு' ஆகிவிடாதா? கூறியது கூறல்.

வேளாங்கண்ணி, வியாழன்

ஐயா, குழந்தை நெற்றிப் பொட்டைத்தான் நினைத்தாள். என் வாக்கு பொட்டுவண்டுக்கு.

ஆடுதுறை, வியாழன்

மேல்வகுப்பில் பொறிவண்டு என்று படிக்கும்போது இரண்டும் ஒன்றென்று எப்படித் தெரியும்? கடைசிப் பக்கத்திலாவது அந்தப் பெயரைப் போடுங்கள். அதன் புழு கறுப்பாக, முதலைக்குட்டி மாதிரி இருக்கும். அதுவும் அசுவினி தின்னும். அதையும் வரையுங்கள், தெரியாமல் நசுக்கிவிடுகிறார்கள்.

மன்னார்குடி, வியாழன் இரவு

சரி. கதை முழுக்கப் பொட்டுவண்டு. கடைசிப் பக்கத்தில் பொறிவண்டு, பக்கத்திலேயே புழு. ஓவியருக்குச் சொல்லிவிட்டேன். காலையில் அனுப்புகிறேன்.

திருவையாறு, வெள்ளி

அனுப்புங்கள் அம்மா. எனக்கு உடன்பாடில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தம்பலப்பூச்சி கதை ஒன்று வந்தால் அன்றைக்கு மூதாயை விட்டுக்கொடுக்க மாட்டேன்.