கமர்ஷியல் கோர்ட் வழக்கு: எதிருரை வந்தாச்சு. அடுத்தடுத்த கெடுவை எப்படிக் கணக்கு வைப்பது, அவங்க கையில இருக்கிற ஆவணத்தை எப்படி வாங்குவது?

அட்டைப்பெட்டி – ஜூலை 6

வணக்கம். நெளி அட்டைப்பெட்டி தயாரிக்கிற சின்ன யூனிட் எங்களுடையது. ஒரு கம்பெனிக்கு ரொம்ப நாளா 5 பிளை (5 அடுக்கு) பெட்டி சப்ளை பண்ணிட்டு இருந்தோம். கடைசி 9 இன்வாய்ஸுக்கான 14 லட்சம் ரூபாய் வரவே இல்லை. வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் இல்லை. வழக்குக்கு முந்தின சமரசத்துக்கும் அவங்க வரலை. அவங்க வரலைங்கிற ரிப்போர்ட்டை வாங்கிக்கிட்டுத்தான் வழக்குப் போட்டோம். சம்மன் அவங்களுக்குச் சேர்ந்தது மார்ச் 3. எதிருரை, அதாவது வழக்குக்கு அவங்க எழுத்துல கொடுத்த பதில், தாக்கலானது ஜூன் 24.

எதிருரையில திடீர்னு ஒரு புதுக் கதை: பெட்டியோட பர்ஸ்டிங் ஸ்ட்ரெங்த் (அழுத்தத்துல கிழியாம தாங்குற பலம்) குறைவு, அது அவங்களோட தர ஆய்வு ரிப்போர்ட்லயே தெரிஞ்சது, அதனால பணம் தரத் தேவையில்லை. இத்தனை நாள்ல ஒரு மெயில், ஒரு போன்கால்லகூட இதை அவங்க சொன்னதில்லை. அந்த ரிப்போர்ட்டையும் எதிருரையோட வைக்கலை.

என் சந்தேகங்கள்:

ஒண்ணு, இனிமே எந்த வேலைக்கு எந்தத் தேதி கெடு? வக்கீல் நல்லவர்தான், ஆனா கேட்டா "வாய்தா வரட்டும், பாத்துக்கலாம்" என்கிறார். வாய்தா ஆகஸ்ட் 11. அதுவரைக்கும் சும்மா இருக்கலாமா?

ரெண்டு, அந்த ரிப்போர்ட்டும், அவங்க ஸ்டோர்ல சரக்கு வரவு எழுதுற ரிஜிஸ்டரும் எனக்கு வேணும். எப்படிக் கேட்கிறது?

மூணு, அவங்க ஸ்டோர் இன்சார்ஜ் கிட்டத்தட்ட ஒவ்வொரு லோடுக்கும் வாட்ஸப்ல "சரக்கு ஓகே, அடுத்த லோடு அனுப்புங்க"னு போட்டிருக்கார். வழக்குரையோட இன்வாய்ஸ், டெலிவரி சலான் மட்டும்தான் வச்சோம். இப்போ வாட்ஸப்பைச் சேர்க்க முடியுமா?

---

இளம்வக்கீல் – ஜூலை 6

சார், ஆகஸ்ட் 11 வரைக்கும் சும்மா இருக்காதீங்க. உங்க வழக்குல முக்கியமான ஒரு கெடு அதுக்கு முன்னாடியே முடிஞ்சுடும்.

சாதாரண உரிமையியல் வழக்குல வாய்தாவை நம்பி ஓட்டலாம். 2015ஆம் வருஷத்துக் கமர்ஷியல் கோர்ட் சட்டம் வந்தப்புறம், இந்த வகை வழக்குக்கு மட்டும் சிபிசியையே, அதாவது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தையே, மாத்தி எழுதிட்டாங்க. 2018 திருத்தத்துல வழக்கு மதிப்போட வரம்பை ஒரு கோடியிலிருந்து 3 லட்சமாகக் குறைச்சதால உங்களை மாதிரி சின்ன யூனிட் வழக்கும் இதுக்குள்ள வந்துடுச்சு. இதுல கெடு எல்லாம் வாய்தாவிலிருந்து ஓடாது. முந்தின வேலை எந்தத் தேதியில முடிஞ்சதோ, அங்கிருந்துதான் அடுத்தது ஓடும்.

உங்க தேதியை வச்சே சொல்றேன். எதிருரை ஜூன் 24. ஆவணங்களைப் பார்வையிடுறது, அதாவது இன்ஸ்பெக்ஷன், அதிலிருந்து 30 நாளுக்குள்ள முடியணும். ஜூலை 24. கோர்ட் நீட்டிக்கலாம், ஆனா 30 நாளுக்கு மேல நீட்டிக்கக் கூடாது. இன்ஸ்பெக்ஷன் முடிஞ்ச நாளிலிருந்து 15 நாளுக்குள்ள ரெண்டு தரப்பும் ஏற்பு–மறுப்பு அஃபிடவிட், அதாவது எதிர்த்தரப்பு ஆவணத்துல எதை ஏத்துக்கிறோம், எதை மறுக்கிறோம்னு சொல்ற பிரமாணப் பத்திரம், போடணும். ஜூலை 24 அன்னைக்கு முடிச்சா ஆகஸ்ட் 8. ரெண்டு பேரும் போட்ட தேதியிலிருந்து 4 வாரத்துக்குள்ள, வழக்கை எப்படி நடத்துறதுன்னு கோர்ட் திட்டம் போடுற முதல் கேஸ் மேனேஜ்மென்ட் ஹியரிங். அதாவது செப்டம்பர் 5 வாக்குல. அந்த ஹியரிங்கிலிருந்து 6 மாசத்துக்குள்ள வாதம் முடியணும்.

எதிருரை தாக்கல் தேதியை இ-கோர்ட்ஸ் ஆப்ல உங்க சிஎன்ஆர் நம்பர் (வழக்கோட தனி அடையாள எண்) போட்டு ஒரு தடவை சரிபாருங்க. காப்பி உங்க வக்கீல் கைக்கு வந்த தேதி வேற, தாக்கல் தேதி வேற. கணக்கு தாக்கல் தேதியிலிருந்துதான்.

வாட்ஸப் விஷயம் கொஞ்சம் சிக்கல். உங்ககிட்ட இருக்கிற எல்லா ஆவணத்தையும், உங்களுக்குப் பாதகமானதுகூட, வழக்குரையோடயே வைக்கணும். வேற ஒண்ணும் இல்லைன்னு சத்தியப் பிரமாணமும் அதுல உண்டு. விட்டுப்போனதைப் பின்னாடி வைக்க கோர்ட் அனுமதி வேணும், நியாயமான காரணமும் காட்டணும்.

---

குமாஸ்தா – ஜூலை 6

மார்ச் 3லிருந்து ஜூன் 24 வரைக்கும் எண்ணிப் பாருங்க, 113 நாள். எதிருரைக்கு 30 நாள்தான் இயல்பான கெடு. 120 வரை கோர்ட் அனுமதிக்கலாம், ஆனா காரணம் எழுதி, செலவுத்தொகை போட்டு அனுமதிக்கணும். அந்த உத்தரவு கோர்ட் கட்டுல (கேஸ் ஃபைல்ல) இருக்கான்னு பாருங்க தம்பி. 120 தாண்டினா எதிருரையே எடுக்க முடியாது, 2019ல சுப்ரீம் கோர்ட் எஸ்சிஜி கான்ட்ராக்ட்ஸ் வழக்குல தெளிவாச் சொல்லிடுச்சு. இவங்க அதுக்குள்ள வந்துட்டாங்க, அதனால எதிருரையைத் தூக்கிடலாம்னு ஆசைப்படாதீங்க. ஆனா செலவுத்தொகை கட்டினாங்களான்னு கேட்கிறது உங்க உரிமை.

---

ஓய்வு_அட்வகேட் – ஜூலை 7

இளம்வக்கீல் சொன்ன தேதிக் கணக்கு சரி. வாட்ஸப் பற்றி மட்டும் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த வழக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது.

சிபிசியின் ஆர்டர் 11, ரூல் 1, உட்பிரிவு 1ன் (சி) பகுதியை உங்கள் வக்கீலை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். மூன்று வகை ஆவணங்களுக்கு, வழக்குரையோடு வைத்தே தீர வேண்டும் என்ற விதி பொருந்தாது. எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய மட்டும் பயன்படுவது. சாட்சியின் நினைவைப் புதுப்பிக்கக் கொடுப்பது. வழக்குரை தாக்கலான பிறகு பிரதிவாதி எழுப்பும் வாதத்துக்குப் பதிலாக வைப்பது. கடைசியாகச் சொன்னதுதான் உங்களுடையது.

உங்கள் வழக்கு என்ன? சரக்கு கொடுத்தேன், பணம் வரவில்லை. அதற்கு இன்வாய்ஸும் சலானும் போதும். தரம் குறைவு என்ற வாதம் எதிருரையில்தான் முதன்முதலாக வருகிறது. நோட்டீஸுக்குப் பதில் கொடுத்து அதில் தரத்தைப் பற்றிச் சொல்லியிருந்தால், "முன்பே தெரியுமே, ஏன் வைக்கவில்லை" என்று கேட்பார்கள். அவர்கள் பதிலே கொடுக்காதது இப்போது உங்களுக்குச் சாதகம். வழக்குக்கு முன் தரம் பற்றி ஒரு வரிகூட எழுத்தில் வரவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு மெயில் இருந்தாலும் நிலைமை மாறும்.

ஆனாலும் இந்த விதிவிலக்கை மட்டும் நம்பி விசாரணை வரை காத்திருக்க வேண்டாம். கோர்ட் அனுமதியோடு மறுப்புரை, அதாவது எதிருரைக்கு உங்கள் பதில், தாக்கல் செய்து, அதில் வாட்ஸப் செய்திகளைத் தேதிவாரியாகக் குறிப்பிடுங்கள். கூடவே, ஆவணங்களை ஏற்கக் கோரி ஒரு இடைமனு (வழக்கின் நடுவே போடும் மனு). விதிவிலக்கு பொருந்தும் என்று முதலில். பொருந்தாது என்று கோர்ட் கருதினால் நியாயமான காரணம் இது என்று அடுத்து. இரண்டையும் ஒரே மனுவில் கேட்கலாம்.

அந்தப் போனை மாற்றாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். மின்னணு ஆவணத்துக்கு 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் பிரிவு 63(4)ன்படி சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழின் இடத்தில் வந்தது இது. இதில் இரண்டு பகுதி: ஒன்றில் நீங்கள் கையெழுத்திட வேண்டும், மற்றதில் ஒரு நிபுணர். ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடும், குறிக்க வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட்டைப் பிரின்ட் எடுத்துக் கட்டில் சேர்ப்பது பிறகு பெரிய தலைவலியாகும்.

---

நூல்வியாபாரி – ஜூலை 7

நீங்க எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனம்) பதிவு வச்சிருந்தா, பாக்கி வசூலுக்கு அதுக்கான கவுன்சிலுக்குப் போயிருக்கலாமே? 45 நாள் தாண்டினா வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு கூட்டு வட்டி உண்டே.

அட்டைப்பெட்டி – ஜூலை 7

பதிவு சப்ளைக்குப் பிறகுதான் எடுத்தேன் அண்ணா. அதனாலதான் இந்த வழி.

---

இளம்வக்கீல் – ஜூலை 8

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். பிரதிவாதியும் எதிருரையோட தன் கையில இருக்கிற எல்லா ஆவணத்தையும் வைக்கணும், பிரமாணம் செய்யணும். ரிப்போர்ட் இருக்குன்னு எதிருரையிலேயே எழுதிட்டு, பட்டியல்ல வைக்கலைன்னா அந்தப் பிரமாணத்துக்கே பதில் சொல்லியாகணும். வெளிப்படுத்துற கடமை வழக்கு முடியுற வரைக்கும் தொடரும்.

முதல்ல எழுத்துல இன்ஸ்பெக்ஷன் கேளுங்க. "சம்பந்தப்பட்ட எல்லா ஆவணமும்"னு கேட்டா ஒண்ணுமே வராது. எந்த ஆவணம், எந்தத் தேதி, எந்த இன்வாய்ஸ்னு பேர் சொல்லிக் கேட்கணும். எதிருரையோட எந்தப் பாராவுல ரிப்போர்ட்டைக் குறிப்பிட்டாங்களோ அந்தப் பாரா எண்ணைப் போடுங்க. ஸ்டோர் ரிஜிஸ்டருக்கு 9 இன்வாய்ஸோட தேதிகளுக்கான பக்கங்கள் மட்டும் கேளுங்க. காட்டலைன்னா கோர்ட்ல மனு. ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லி அதே ஆர்டர் 11 ரூல் 5ல நோட்டீஸும் கொடுக்கலாம். 7 நாளுக்குக் குறையாம, 15 நாளுக்கு மிஞ்சாம அவகாசம். சரியான காரணம் இல்லாம தரலைன்னா, அந்த ஆவணம் அவங்களுக்கு எதிரானதுன்னு கோர்ட் அனுமானிக்கலாம், செலவுத்தொகையும் போடலாம்.

அடுத்தது இன்டராகேட்டரி. எழுத்துல கேள்வி கேட்டு, அவங்க அஃபிடவிட்ல பதில் சொல்றது. கேள்விகளைச் சேர்த்து மனுவா வைக்கணும், கோர்ட் 7 நாள்ல முடிவு சொல்லணும், அனுமதி கிடைச்சா 10 நாள்ல பதில் வரணும். அனுமதியோட ஒரு செட்தான், அதனால அவசரப்பட்டு அஞ்சு கேள்வியோட அனுப்பிடாதீங்க. "ஏன் பணம் தரலை" மாதிரி கேள்வியால பிரயோஜனம் இல்லை. நான் எழுதுறதா இருந்தா இப்படி எழுதுவேன்:

குறைபாடு முதல்ல தெரிஞ்சது எந்தத் தேதியில, யாருக்கு? அதை வாதிக்குத் தெரிவிச்சீங்களா, எந்தக் கடிதம் அல்லது மெயில் மூலமா? அந்தப் பெட்டிகளைப் பயன்படுத்தினீங்களா, இல்லைன்னா இப்போ எங்கே இருக்கு? எந்த இன்வாய்ஸுக்காவது டெபிட் நோட் (பில் தொகையைக் குறைக்கிற குறிப்பு) போட்டீங்களா? இந்த 9 இன்வாய்ஸுக்கும் ஜிஎஸ்டி இன்புட் கிரெடிட் (வாங்கின சரக்குக்கான வரியைக் கழிச்சுக்கிறது) எடுத்தீங்களா, எந்த மாசத்துல?

கடைசி ரெண்டும் முக்கியம் சார். கிரெடிட் எடுத்திருக்காங்க, டெபிட் நோட் போடலைன்னா, தரம் குறைவுன்னு அப்போவே நினைச்சாங்கன்னு நம்ப வைக்கிறது கஷ்டம். 1930ஆம் வருஷச் சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 42ன்படி, நியாயமான காலம் தாண்டியும் மறுப்புச் சொல்லாம சரக்கை வச்சிருந்தா ஏத்துக்கிட்டதாத்தான் அர்த்தம்.

---

அட்டைப்பெட்டி – ஜூலை 23

எல்லாருக்கும் நன்றி. நீங்க எழுதினதைப் பிரின்ட் எடுத்து வக்கீல்கிட்ட கொடுத்தேன். மறுப்புரையும் இடைமனுவும் தாக்கலாயிடுச்சு. இன்டராகேட்டரி மனுவும் போட்டிருக்கோம். நேத்து அவங்க வக்கீல் ஆபீஸ்ல இன்ஸ்பெக்ஷன் நடந்தது.

ரிஜிஸ்டர் கொண்டுவந்தாங்க. 9 லோடுக்கும் வரவு எழுதியிருக்கு. "ஆய்வு" என்கிற கட்டத்துல 7 லோடுக்கு பச்சை மையில "ஓகே", பக்கத்துல ஸ்டோர் இன்சார்ஜோட இனிஷியல். மிச்ச ரெண்டு லோடுக்கு அந்தக் கட்டம் காலி. தர ஆய்வு ரிப்போர்ட்டைக் கொண்டுவரலை, தேடிக்கிட்டு இருக்கோம்னு சொன்னாங்க. ரிஜிஸ்டர் பக்கங்களோட காப்பி கொடுத்தாங்க.

இனி ஏற்பு–மறுப்பு அஃபிடவிட். அவங்க வச்ச ஆவணம் எல்லாத்தையும் மறுத்துடலாம்னு ஜூனியர் சொல்றார். சரியா?

---

ஓய்வு_அட்வகேட் – ஜூலை 23

வேண்டாம். பழைய வழக்குகளில் எல்லாவற்றையும் மறுப்பது பழக்கம். இங்கே அது உங்களுக்கே எதிராகும். ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்: உள்ளடக்கம் சரியா, அப்படி ஓர் ஆவணம் உண்டா, கையெழுத்திடப்பட்டதா, அனுப்பப்பட்டதா அல்லது பெறப்பட்டதா, அவர்கள் வசம் இருந்ததா. மறுத்தால் காரணம் எழுத வேண்டும். காரணமில்லாமல் மறுத்தால் செலவுத்தொகை விழும். உங்களுக்குக் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டரை அவர்கள் கோர்ட்டில் வைத்திருந்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். நேர்மையாக ஏற்பவரின் மறுப்புக்குத்தான் நீதிபதியிடம் மதிப்பு.

ரிஜிஸ்டரில் காலியாக உள்ள இரண்டு லோடைக் கவனியுங்கள். அவர்கள் வாதம் இனி அந்த இரண்டில்தான் நிற்கும். அந்த இரண்டு தேதிகளுக்கான வாட்ஸப் செய்தி உங்களிடம் இருக்கிறதா?

அட்டைப்பெட்டி – ஜூலை 23

ஒண்ணுக்கு இருக்கு ஐயா. கடைசி லோடுக்கு இல்லை, போன்ல பேசினதோட சரி. ஆனா அதுக்கு அடுத்த வாரம் புது ஆர்டர் கேட்டு மெயில் வந்திருக்கு.

ஓய்வு_அட்வகேட் – ஜூலை 24

அந்த மெயிலையும் இடைமனுவில் சேர்க்கச் சொல்லுங்கள், அதற்கும் சான்றிதழ் வேண்டும். ரிப்போர்ட்டுக்கு இன்றே ரூல் 5 நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள், "தேடுகிறோம்" என்று அவர்கள் சொன்னதைத் தேதியோடு அதில் எழுதுங்கள்.

---

குமாஸ்தா – ஜூலை 24

இன்ஸ்பெக்ஷன் ஜூலை 22 அன்னைக்கு முடிஞ்சதா எடுத்துக்கிட்டா அஃபிடவிட் கெடு ஆகஸ்ட் 6, 8 இல்லை. அதை மாத்திக் குறிச்சுக்குங்க தம்பி. ரிப்போர்ட் வரலைன்னு இன்ஸ்பெக்ஷனை நீட்டிக்க மனுப் போட்டாத்தான் தேதி நகரும்.

ஆகஸ்ட் 11 வாய்தாவுல, கேஸ் மேனேஜ்மென்ட் ஹியரிங்குக்குத் தேதி கேட்டு மெமோ கொடுக்கச் சொல்லுங்க. நீங்க கேட்காம விட்டா வெறும் வாய்தாவா ஓடும். அந்த ஹியரிங்லதான் எழுவினா (கோர்ட் தீர்க்க வேண்டிய கேள்விகள்), சாட்சிப் பட்டியல், சாட்சி அஃபிடவிட் தேதி எல்லாம் முடிவாகும். வக்கீல் வரலைங்கிற காரணத்துக்காக மட்டும் அதைத் தள்ளிவைக்க மாட்டாங்க, அதனால அன்னைக்கு அவர் வேற கோர்ட்ல இருக்காம பாத்துக்குங்க. ஒரு தரப்போட எல்லாச் சாட்சி அஃபிடவிட்டையும் ஒரே நேரத்துல தாக்கல் பண்ணணும். லோடு ஏத்தின டிரைவர், பில் போட்ட பொண்ணு, யார் யார் சாட்சின்னு இப்போவே பேசி வச்சுக்குங்க. டிரைவர் வேலையை விட்டுப் போயிருந்தா, இந்த வாரமே நம்பர் வாங்கி வைங்க.

அட்டைப்பெட்டி – ஜூலை 24

ஆகஸ்ட் 6 குறிச்சுக்கிட்டேன் ஐயா. டிரைவர் இப்போ வேற வண்டி ஓட்டுறார். நம்பர் இருக்கு, நாளைக்குக் காலையில பேசுறேன்.