பழைய ஹாலிவுட் ஹாரர் படங்களில் கறுப்பினத்தவருக்கு உருப்படியான வேடமே கிடையாதா?

பழையரீல்:
30களிலிருந்து 80கள் வரை வந்த அமெரிக்க ஹாரர் படங்களாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கறுப்பினப் பாத்திரம் என்றால் ஒன்று வேலைக்காரர், இல்லையென்றால் காட்டுவாசி, அதுவும் இல்லையென்றால் அடுத்தவருக்காகச் செத்துப்போகிறவர். 'தி ஷைனிங்' (1980) பார்த்து எரிச்சலே வந்துவிட்டது. கறுப்பின நடிகர் ஸ்கேட்மேன் குரோதர்ஸ் அவ்வளவு தூரத்திலிருந்து பனியில் வண்டி ஓட்டி வருகிறார், ஹோட்டலுக்குள் கொஞ்ச தூரம் நடந்ததும் நெஞ்சில் கோடாரி. இத்தனைக்கும் நாவலில் அவர் பிழைத்துக்கொள்வார்! விதிவிலக்கே இல்லையா?

கடைசிவரிசை:
'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) இன்னும் பார்க்கவில்லையா? டுவேன் ஜோன்ஸ்தான் அதில் நாயகன். கதவு ஜன்னலுக்கெல்லாம் பலகை அடிக்கிறார், கத்துகிற வெள்ளைக்காரரை அதட்டி உட்காரவைக்கிறார், அவர் என்ன நிறம் என்று படத்தில் ஒருவர்கூட வாய் திறப்பதில்லை. ஆடிஷனில் அவர்தான் நன்றாக நடித்தார், அதனால் எடுத்தேன் என்றுதான் இயக்குநர் ரொமேரோ சொல்லிவந்தார். ஆனால் முடிவு இருக்கிறதே (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்), இரவு முழுக்கத் தாக்குப்பிடித்தவரை விடிந்ததும் துப்பாக்கியோடு வரும் கும்பல் நடமாடும் பிணம் (ஸோம்பி) என்று நினைத்துச் சுட்டுவிடும். அப்புறம் அசையாத, புள்ளி புள்ளியான புகைப்படங்கள், கொக்கியோடு நிற்கிற ஆட்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே வருடம் வெளியான படம். அந்தப் புகைப்படங்களைப் பார்த்த அமெரிக்கர்களுக்கு, கறுப்பினத்தவரைக் கும்பல் அடித்துக் கொன்ற பழைய படங்கள் நினைவுக்கு வந்திருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

நள்ளிரவுக்காட்சி:
ஒரு சின்னத் திருத்தம். ஹாரர் படத்தில் கறுப்பினப் பாத்திரம்தான் முதலில் சாகும் என்று சொல்வார்களே, அது பழைய வழக்கமே இல்லை. 'கிங் ஆஃப் த ஸோம்பீஸ்' (1941) பாருங்கள், வேலைக்காரராக வரும் கறுப்பின நடிகர் மேன்டன் மோர்லண்ட் சாகவே மாட்டார். கண்ணை உருட்டிப் பயந்து சிரிக்கவைப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. ஆனால் ஸோம்பியை முதலில் பார்க்கிறவர் அவர்தான், அதை நம்பாத முதலாளிகள்தான் முட்டாள்கள்! மனிதர் அந்தக் கேவலமான வேடத்திலும் படத்தையே தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். எனக்கு அது பிடிக்கும், கூடவே சங்கடமாகவும் இருக்கும்.

கடைசிவரிசை:
சரிதான். உயிரோடு விட்டார்கள், மரியாதையோடு விடவில்லை.

கோட்டைவாசல்:
'பிளாக்குலா' (1972) பெயரைக் கேட்டுச் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். வில்லியம் மார்ஷல் அதில் ஆப்பிரிக்க இளவரசர். அடிமை வியாபாரத்தை நிறுத்த உதவி கேட்டு டிராகுலாவிடம் போய், அவனாலேயே சபிக்கப்படுகிறார். அடுத்த வருடம் வந்த 'கான்ஜா அண்ட் ஹெஸ்' இன்னும் ஒரு படி மேல், இயக்கம் பில் கன், நாயகன் அதே டுவேன் ஜோன்ஸ். மெதுவாகப் போகும், பொறுமை வேண்டும்.

பழையரீல்:
மோர்லண்ட் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். இன்று ராத்திரி 1968 படம், வார இறுதியில் 'கான்ஜா'. அந்தப் பத்தியைத் தாண்டாமல் படித்துத் தொலைத்துவிட்டேன், பரவாயில்லை.