எகனாமிக்ஸ் பிரசன்டேஷனுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம்?

பி.ஏ. இரண்டாம் வருஷம், கடலூர். பணவீக்கம்னு ஆரம்பிச்சாலே வகுப்பு தூங்குது. நம்ம ஊர் விஷயமா ஏதாவது சொல்லுங்களேன்.

பதில் 1:
மீன்பிடித் தடைக்காலத்தை எடு தம்பி. நான் முதுநகர் துறைமுகத்துல மீன் ஏலம் எடுக்கிறவ. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் முட்டையிடுற காலம், அதுக்காகத்தான் தடை. வரத்து குறைஞ்சு வஞ்சிரம் விலை ஏறிடும். சின்ன ஃபைபர் படகுல வர்ற கொஞ்ச மீனுக்கு அத்தனை போட்டி! வாங்க முடியாதவங்க கோழிக்கடைக்குப் போயிடுவாங்க.

பதில் 2:
அக்கா சொன்ன கோழிதான் பதிலீட்டுப் பொருள், அதாவது மீனுக்குப் பதிலாக வாங்கும் பொருள். ஒவ்வொரு விலைக்கும் எவ்வளவு மீன் விற்பனைக்கு வரும் என்று காட்டுவது அளிப்புக் கோடு; வரத்து குறைவதால் அது இடப்பக்கம் நகர்வதை வரைந்து காட்டுங்கள்.

கேட்டவர்:
அக்கா, ஏலம் பார்க்க வரலாமா?

பதில் 1:
விடியறதுக்குள்ள வா. தடைக்கு முன்னாடி ஒரு நாள், நடுவுல ஒரு நாள். ரெண்டு நாள் விலையையும் எழுதிக்கோ.