மலைப்பயணத்துக்கு முன் எஸ்டிமா: குடும்பக் குழு உரையாடல்

அருள், காலை 9.05
அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் விடுமுறையில் மலேசியாவின் கேமரன் மலைக்குச் செல்வதற்கு முன்பு நம் டொயோட்டா எஸ்டிமா வண்டியைப் பராமரிப்புக்கு விட வேண்டும். ஓடோமீட்டர் 158,000 கிலோமீட்டரைக் காட்டுகிறது. சின் மிங்கில் ஒரு பட்டறையில் விசாரித்தேன். எஞ்சின் எண்ணெய், வடிகட்டி, எஞ்சினின் உட்புறக் கழுவல், பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்செக்டரின் சுத்தம், கியர் எண்ணெயை இயந்திரம் வைத்து முழுவதும் வெளியேற்றி மாற்றுவது எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பாக 780 வெள்ளி கேட்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

அம்மா, காலை 9.11
போன மாதம்தானே வண்டி சோதனை நிலையத்தில் தேறியது? சாலை வரியும் கட்டியாகிவிட்டது. அதற்குள் மறுபடியும் இவ்வளவு செலவு எதற்கு?

செல்வம் மாமா, காலை 9.34
சரசு, அந்தச் சோதனை வேறு, பராமரிப்பு வேறு. பத்து ஆண்டுகளைத் தாண்டிய காரை ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி. அங்கே பிரேக்கின் பிடிமானம், புகையின் அளவு, முகப்பு விளக்கின் கோணம், வண்டியின் அடிப்பாகம் ஆகியவற்றைப் பார்த்து, அன்றைக்குச் சாலையில் ஓட்டத் தகுந்த வண்டிதானா என்று தீர்மானிக்கிறார்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் எத்தனை ஆண்டுப் பழையது, பிரேக் எண்ணெயில் எவ்வளவு ஈரம் சேர்ந்திருக்கிறது, ஸ்பார்க் பிளக் தேய்ந்துவிட்டதா என்பதையெல்லாம் அவர்கள் பார்ப்பதில்லை. அது அவர்களுடைய வேலையும் அன்று.

அருள், தொகுப்புக்கு உடனே தலையாட்டிவிடாதே. நாம் வண்டியை வாங்கிய பிறகு என்னென்ன மாற்றினோம் என்பதைக் கவிதா எழுதி வைத்திருப்பாள். முதலில் அதைப் பார்ப்போம்.

கவிதா, காலை 9.52
இருக்கிறது, மாமா. வண்டி முதலில் பதிவானது 2012-இல். முந்தைய உரிமையாளர் 2022-இல், வண்டியை வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழைப் பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்த பிறகு அவரிடமிருந்து வாங்கினோம். அதற்குப் பின்பு ஆறு மாதத்துக்கு ஒரு முறை எஞ்சின் எண்ணெயும் வடிகட்டியும் மாற்றியிருக்கிறோம். பிரேக் எண்ணெய் 2023 நவம்பரில் மாற்றப்பட்டது. பேட்டரி சென்ற ஆண்டு புதிதாகப் போட்டது. கூலண்ட், கியர் எண்ணெய், ஸ்பார்க் பிளக் ஆகிய மூன்றுக்கும் எந்த ரசீதும் இல்லை; முந்தையவர் கொடுத்த தாள்களிலும் அவற்றைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

அருள், காலை 9.58
எண்ணெயை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது அதிகமில்லையா, மாமா? வண்டியோடு வந்த ஜப்பானியக் கையேட்டைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்றுதான் போட்டிருக்கிறது.

செல்வம் மாமா, காலை 10.20
அதற்கு அடுத்த வரியையும் படித்துப் பார். கடினமான பயன்பாடு என்றால் 7,500 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம் என்று இருக்கும். மலையிலும் மண்சாலையிலும் ஓட்டுவதுதான் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். அடிக்கடி குறுந்தொலைவு ஓட்டுவதும், எஞ்சினை ஓடவிட்டபடி நின்றுகொண்டிருப்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும். நம் வண்டி காலையில் மழலையர் பள்ளிக்கும், பிறகு அத்தையை அழைத்துக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்கும், மாலையில் தேக்காவுக்கும் போய்வருகிறது. ஒவ்வொரு முறையும் எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதற்குள் அணைத்துவிடுகிறோம். எரியும்போது உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் எண்ணெயில் கலந்து, வெளியேற வழியில்லாமல் தங்கிவிடுகின்றன. தீவு விரைவுச்சாலையில் நாள் முழுவதும் ஒரே சீராக ஓடும் வண்டிக்கு எண்ணெய் இதைவிட நீண்ட காலம் உழைக்கும். ஆகவே ஆறு மாதத்தை மாற்ற வேண்டாம். 5டபிள்யூ-30 எண்ணெய் நம் வெயிலுக்கும் வண்டியின் வயதுக்கும் பொருந்தும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த 2.4 லிட்டர் எஞ்சின் வகையில் முன்பு வந்த சிலவற்றில், பிஸ்டன் வளையங்களில் இருந்த குறையால் எண்ணெய் மெல்ல மெல்ல எரிந்து குறைவதாகப் புகார்கள் எழுந்தன. நம்முடையது பிற்பாடு வந்தது என்றாலும், மாதம் ஒரு முறை சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் அணைந்து சில நிமிடம் ஆன பிறகு எண்ணெய் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை இழுத்துப் பார்த்துவிடு. எண்ணெய் அளவு குறைந்தால் அறிவிக்கும் விளக்கு வேறு, அழுத்தம் விழுந்தால் எரியும் சிவப்பு விளக்கு வேறு. சிவப்பு விளக்கு எரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

கவிதா, காலை 10.31
என் அலுவலகத்தில் ஒருவர், ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் போனால் டைமிங் பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும் என்கிறார். அது தொகுப்பில் இல்லையே?

செல்வம் மாமா, காலை 10.37
எஞ்சினுக்குள் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் அந்த வேலைக்கு இந்த எஞ்சினில் பெல்ட் இல்லை, கவிதா, சங்கிலி இருக்கிறது. அதற்குக் குறிப்பிட்ட மாற்றுக் காலம் கிடையாது. காலையில் முதல் முறை முடுக்கும்போது சில விநாடி கடகடவென்று சத்தம் வந்தால் அப்போது யோசிக்கலாம். ஆனால் வெளியே ஓடும் பெல்ட் ஒன்று இருக்கிறது. ஆல்டர்னேட்டர், நீர்ப் பம்பு, ஏர்கான் கம்ப்ரசர் எல்லாவற்றையும் சுழற்றுவது அதுதான். அதில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல். நீர்ப் பம்பைச் சுற்றி இளஞ்சிவப்பில் உப்புப் பூத்ததுபோல் படிந்திருந்தால் கசிவு தொடங்கிவிட்டது என்று அறியலாம்.

அருள், காலை 10.44
அப்படியானால் கூலண்ட்?

செல்வம் மாமா, காலை 11.02
இந்தப் பயணத்துக்கு முன் கட்டாயம் செய்ய வேண்டியது அதுதான். டொயோட்டாவின் இளஞ்சிவப்பு நீண்டகாலக் கூலண்டை முதல் முறை 160,000 கிலோமீட்டர் அல்லது ஏழு ஆண்டுகளிலும், அதன் பிறகு 80,000 கிலோமீட்டர் அல்லது நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் மாற்ற வேண்டும். ஓடோமீட்டரைப் பார்த்தால் இன்னும் நேரம் இருப்பதுபோல் தோன்றும். ஆண்டைப் பார்த்தால் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. பழைய வண்டியில் எது முதலில் வருகிறதோ அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். ரசீது இல்லாத வேலையைச் செய்யாத வேலையாகவே கருத வேண்டும். கூலண்டை மாற்றும்போது ரேடியேட்டர் குழாய்களை அழுத்திப் பார்த்து, இறுகிப்போனவற்றையும் உப்பியவற்றையும் அப்போதே மாற்றிவிடட்டும். அப்படிச் செய்தால் பின்னர் குழாய்க்காகக் கூலண்டை மறுபடியும் வடிக்க வேண்டியதில்லை.

பிரேக் எண்ணெய்க்கும் இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். ஈசூனில் ஓட்டும்வரை வித்தியாசம் தெரியாது. ஏழு பேரும் பெட்டிகளுமாகக் கேமரன் மலையிலிருந்து தாப்பா வழியில் வளைந்து வளைந்து இறங்கும்போது பிரேக் சூடேறி எண்ணெய் கொதித்தால், மிதி தரைவரை போய்விடும். கீழிறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினின் பிடியில் இறங்க வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்.

அருள், காலை 11.10
கியர் எண்ணெயைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. விற்றவர் அதை மாற்றவே வேண்டாம் என்றார்.

செல்வம் மாமா, காலை 11.29
விற்பவர் அப்படித்தான் சொல்வார். இதில் இருப்பது சிவிடி, அதாவது படிகள் இல்லாமல் உலோகப் பட்டை ஒன்று கப்பிகளில் ஓடி வேக விகிதத்தை மாற்றும் கியர் பெட்டி. உலோகப் பட்டையின் பிடி முழுவதும் அந்தத் திரவத்தை நம்பியே இருக்கிறது. மாற்றத்தான் வேண்டும், ஆனால் பட்டறை சொல்லும் முறையில் வேண்டாம். இயந்திரத்தின் அழுத்தத்தில் முழுவதையும் தள்ளினால், பல ஆண்டுகளாகப் படிந்திருக்கும் உலோகத் துகள்கள் கிளம்பி வால்வுகளில் சிக்கிக்கொள்ளலாம் என்பது என் கவலை. கீழ்ப் போல்ட்டைக் கழற்றி, வடிந்த அளவுக்குப் புதியதை ஊற்றினால் ஒரு பகுதிதான் மாறும். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து மறுபடியும் செய்தால் பெரும்பகுதி மாறிவிடும். டொயோட்டா குறிப்பிடும் சிவிடி திரவம்தான் ஊற்ற வேண்டும். சாதாரண ஆட்டோ கியர் எண்ணெய் கூடாது. அதன் மட்டத்தைக் குறிப்பிட்ட வெப்பநிலையில்தான் அளக்க வேண்டும் என்பதால், அதற்கான கருவி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடு.

எஞ்சின் உட்புறக் கழுவலும் இஞ்செக்டர் சுத்தமும் இப்போது தேவையில்லை. அந்தப் பணத்தில் நான்கு இரிடியம் பிளக்குகளை வாங்கிவிடலாம். அவை ஒரு லட்சம் கிலோமீட்டருக்கானவை.

கவிதா, காலை 11.36
ஜோகூர் பாருவில் செய்தால் செலவு குறையுமே?

செல்வம் மாமா, காலை 11.41
டயர் மாற்றுவதற்கு என்றால் போகலாம். திரவங்களை வடித்து நிரப்பும் வேலையில் சிறு கசிவு தெரிந்தால் மறுநாளே திரும்பக் காட்ட வேண்டியிருக்கும். அதற்காகப் பாலத்தில் வரிசையில் நிற்க முடியுமா? டயரைப் பற்றிப் பேசும்போதே, அருள், பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கத்தைப் பார்த்துப் படம் எடுத்துப் போடு. 1821 என்று இருந்தால் 2021-இன் 18-ஆவது வாரத்தில் தயாரானது. மாற்று டயரையும் பார்க்க மறந்துவிடாதே.

அம்மா, காலை 11.48
அண்ணா, வண்டியின் பக்கவாட்டுச் சறுக்குக் கதவு திறக்கும்போது இழுத்து இழுத்து நிற்கிறது. அத்தை ஏறும் பக்கம் அதுதான்.

செல்வம் மாமா, காலை 11.50
தண்டவாளத்தில் மணலும் பிஸ்கட் துகளும் சேர்ந்திருக்கும். துடைத்துவிட்டு, உருளைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்கிறேன்.

அருள், பகல் 12.25
பட்டறையில் மீண்டும் பேசினேன். எஞ்சின் எண்ணெய், வடிகட்டி, கூலண்ட், பிரேக் எண்ணெய், சிவிடி திரவம் ஒரு முறை வடித்து நிரப்புவது, நான்கு பிளக்குகள், வெளிப் பெல்ட் பரிசோதனை எல்லாவற்றுக்கும் 690 வெள்ளி என்கிறார்கள். திரவத்தின் வெப்பநிலையை அளக்கும் கருவி தங்களிடம் இருப்பதாகவும் சொன்னார்கள். ஏர்கான் வடிகட்டியை நானே மாற்றிவிடுகிறேன். கையுறைப் பெட்டியைக் கழற்றினால் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறது. பயணத்துக்கு முந்தின வாரம் அவர்களுக்கு இடம் இருக்கிறது.

செல்வம் மாமா, பகல் 12.31
முந்தின வாரம் வேண்டாம், அருள். மூன்று வாரம் முன்னதாகவே விட்டுவிடு. ஏதாவது கசிந்தால் இங்கேயே நம் வாகன நிறுத்துமிடத்தின் தரையில் தெரிந்துவிடும். பழைய பிளக்குகளையும் வடிகட்டியையும் ஒரு பெட்டியில் போட்டுத் தரச் சொல். பிளக்குகளின் முனை எந்த நிறத்தில் இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

கவிதா, பகல் 12.34
ரசீதில் ஒவ்வொரு திரவத்தின் பெயரையும் கிலோமீட்டரையும் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல், தம்பி. ‘முழுப் பராமரிப்பு’ என்று ஒரே வரியில் எழுதினால் நான் எந்தப் பத்தியில் பதிவது?