ஊருக்குள் வேகத்தைக் குறைக்கச் சொல்லி யாரிடம் மனு கொடுப்பது?

தென்னந்தோப்பு கேட்டது:

கொங்குப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். ஒரு தார்ச்சாலை எங்கள் ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகிறது. ஒரு பக்கம் தொடக்கப் பள்ளியும் மாரியம்மன் கோயிலும். மறுபக்கம் ரேஷன் கடையும் பால் கூட்டுறவுச் சங்கமும். முன்பெல்லாம் பஸ் வந்தால் எதிரே வருகிற வண்டி மண்ணில் இறங்கித்தான் வழிவிட வேண்டும். சாலையை அகலப்படுத்திப் புதிதாகத் தார் போட்டதிலிருந்து யாரும் வேகத்தைக் குறைப்பதே இல்லை. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. கேனைத் தூக்கிக்கொண்டு பால் ஊற்றப் போகிறவர்கள் சாலையைக் கடப்பதும் அதே நேரத்தில்தான்.

சென்ற மார்கழியில் என் பெரியம்மா பால் ஊற்றிவிட்டுத் திரும்பியபோது கோயில் வளைவில் ஒரு டிப்பர் மோதி இறந்துபோனார். அந்த வளைவில் அதற்கு முன்பும் பலர் விழுந்து எழுந்திருக்கிறார்கள். கை கால் முறிந்தவர்களும் உண்டு.

ஊராட்சியில் கேட்டால் அது தங்கள் சாலை இல்லை என்கிறார்கள். நெடுஞ்சாலைத் துறையில் கேட்டால் இந்த இடம் பிளாக் ஸ்பாட் (விபத்து அதிகம் நடக்கும் இடம்) பட்டியலில் வராது என்கிறார்கள். காவல் நிலையத்திலோ, வேக வரம்புப் பலகை இருந்தால்தான் வழக்குப் போட முடியும் என்று அனுப்பிவிட்டார்கள். பொறுமை இழந்த இளைஞர்கள், தாங்களே மண்ணும் ஜல்லியும் கொட்டி மேடு போடப் போவதாகச் சொல்கிறார்கள். அதற்குள் முறையாக ஏதாவது செய்ய வேண்டும். யாரிடம், என்ன கேட்டு மனு எழுதுவது?

சாலை ஆய்வாளர் (ஓய்வு) எழுதியது:

அம்மா, உங்கள் பெரியம்மாவுக்கு நேர்ந்தது யாருக்கும் நேரக் கூடாதது. என் பணிக்காலம் முழுவதும் இப்படிப்பட்ட சாலைகளில்தான் கழிந்தது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சாலை யாருடையது என்று உறுதிப்படுத்துங்கள். கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு என்றால் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது மாவட்ட முக்கியச் சாலையாகவோ மாவட்ட இதர சாலையாகவோ இருக்க வேண்டும். அவை இரண்டும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. ஊராட்சியில் சொன்னது அந்த அளவில் சரி. ஆனால் சாலை யாருடையதாக இருந்தாலும் அதைக் கடக்கிற மக்கள் ஊராட்சியின் மக்கள். கிராம சபையில் இதைப் பற்றித் தீர்மானம் போட எந்தத் தடையும் இல்லை.

பிளாக் ஸ்பாட் என்ற பதிலைக் கேட்டு ஓய்ந்துவிடாதீர்கள். 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்துகள் ஐந்து, அல்லது பத்து மரணங்கள் என்பது அதன் கணக்கு. தேசிய நெடுஞ்சாலைகளுக்காக வகுத்த அளவுகோல் அது. ஒரு சிற்றூரின் வளைவில் பத்துப் பேர் சாகும்வரை காத்திருக்கச் சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. பள்ளியும் பால் சங்கமும் எதிரெதிரே இருப்பதும், வளைவில் பார்வை மறைவதுமே போதுமான காரணங்கள். மனுவில் அவற்றை எழுதுங்கள்.

இப்போது வேக வரம்பு. மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட அறிவிக்கையில், நெடுஞ்சாலை, நகர்ப்பகுதி என்ற வகைகளில் சேராத 'இதர சாலைகளில்' சரக்கு வாகனத்துக்கு உச்சவரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர், காருக்கு 70 என்று இருந்தது. தனியாகக் குறைத்து அறிவிக்காதவரை, உங்கள் பள்ளி வாசலில் 60-இல் போகிற டிப்பர்மீது வேகத்துக்காக வழக்குப் போடுவது கடினம். காவல் நிலையத்தில் சொன்னதன் பொருள் இதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 112-ஆம் பிரிவு, மக்கள் பாதுகாப்புக்காகவோ சாலையின் தன்மைக்காகவோ குறைந்த வரம்பை அறிவிக்க மாநில அரசுக்கும், அது அதிகாரம் அளித்த அலுவலருக்கும் வழி தருகிறது. அரசிதழ் அறிவிக்கையும் வேண்டும், சாலையில் பலகையும் வேண்டும். ஆகவே 'பலகை வையுங்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள். 'அறிவிக்கை வெளியிட்டுப் பலகை வையுங்கள்' என்று கேளுங்கள்.

வரம்பை ஏன் 30 அல்லது 40 ஆகக் குறைக்க வேண்டும் என்று கேட்பார்கள். 60-இல் வருகிறவர் ஆபத்தைக் கண்டு ஒரு நொடியில் பிரேக்கை மிதித்தாலும், காய்ந்த நல்ல சாலையில் ஒரு கார் நிற்க ஏறத்தாழ 37 மீட்டர் ஆகும். 40-இல் வந்தால் 20 மீட்டர். பாரம் ஏற்றிய டிப்பருக்கு இன்னும் கூடும். கோயில் வளைவில் எத்தனை மீட்டருக்கு முன்னால் ஆள் கண்ணில் படுகிறார் என்று டேப் பிடித்து அளந்து மனுவில் சேருங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஓர் எண் பக்கம் பக்கமான புலம்பலைவிட நன்றாகப் புரியும்.

நான் முக்கியமாக நினைப்பது ஒன்று உண்டு. பலகையை மட்டும் பார்த்து எந்த வண்டியும் நிதானிப்பதில்லை. அகலமும் நேரும் வழவழப்புமாகச் சாலை இருந்தால் கால் தானாகவே ஆக்சிலரேட்டரை அழுத்தும். ஊர் தொடங்குகிற இடத்தில் சாலையே 'மெல்லப் போ' என்று சொல்ல வேண்டும். அதிர்வுக் கோடுகள் (வண்டியை அதிரவைக்கும் தடித்த பட்டைகள்), பள்ளிக்கு முன்னால் உயர்த்திய நடைக்கடப்பு, வளைவில் கருப்பு வெள்ளை அம்புப் பலகைகள், இரவில் மின்னும் சோலார் விளக்கு, பார்வையை மறைக்கும் முட்செடிகளை வெட்டுவது, தாருக்கும் சாலையோர மண் புருவத்துக்கும் இடையில் பள்ளம் விழாமல் நிரப்புவது ஆகியவற்றைக் கேளுங்கள். இவற்றில் பலவற்றுக்குப் பெரிய ஒதுக்கீடு தேவைப்படாது, பராமரிப்பிலேயே செய்யலாம்.

இளைஞர்களைத் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மெல்லிய வளைவு. 40 மீட்டர் முன்னதாக எச்சரிக்கைப் பலகையும், மேலே கருப்பு வெள்ளைப் பட்டையும் இருக்க வேண்டும். இரவில் தெரியாத ஒரு மண் மேட்டில் முதலில் விழுவது டிப்பர் அல்ல; குழந்தையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு வருகிற உங்கள் ஊர்க்காரரின் பைக்தான்.

டிப்பர் ஓட்டுநர் எழுதியது:

எங்களைப் பற்றியே பேசுவதால் நானும் சொல்கிறேன். எங்களுக்குச் சம்பளம் நடைக் கணக்கில்தான். ஒரு நடை குறைந்தால் அன்றைய வருமானம் குறையும். நடைச்சீட்டிலும் நேரம் போட்டிருக்கும். ஓட்டுநரின் மனசாட்சியை மட்டும் நம்பி இருந்தால் உங்கள் ஊரில் ஒன்றும் மாறாது. பள்ளி விடும் நேரத்திலும் பால் ஊற்றும் நேரத்திலும் கனரக வாகனம் அந்த வழியே வரக் கூடாது என்று நேரத் தடை கேளுங்கள். எல்லா லாரிக்கும் ஒரே தடை என்றால் யாருக்கும் நடை நஷ்டமில்லை, முதலாளியும் எங்களைக் கேட்க மாட்டார். இன்னொன்று: பாரத்தோடு வரும்போது திடீரென்று ஒரு மேடு வந்தால் எங்களால் நிறுத்த முடியாது. தூரத்திலிருந்தே அதிர்வு தெரிய வேண்டும்.

சாலை ஆய்வாளர் (ஓய்வு) எழுதியது:

தம்பி சொன்னது மிகச் சரி. நேரத் தடைக்கு அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு இருக்கிறது. மனுவில் இதையும் சேருங்கள்.

மகளிர் குழு எழுதியது:

எங்கள் ஊரில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். 100 மீட்டர் இடைவெளியில் சாலையோரம் இரண்டு சுண்ணாம்புக் கோடு போட்டோம். ஒரு வண்டி அதைக் கடக்கும் நொடியைக் கைப்பேசியில் பார்த்து, 360-ஐ அந்த நொடியால் வகுத்தால் வேகம் வந்துவிடும். ஆறு நொடி என்றால் 60 கிலோமீட்டர், ஒன்பது நொடி என்றால் 40. பள்ளி நேரத்தில் உட்கார்ந்து வண்டி வண்டியாக எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைத்தோம். 'வேகமாகப் போகிறார்கள்' என்று சொன்னபோது தலையைக்கூட நிமிர்த்தாத அதிகாரி, அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார்.

கிராம சபைக்குப் பெண்கள் கூட்டமாகப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். பற்றாளர் (கூட்டத்தைக் கவனிக்க வரும் அரசு அலுவலர்) முன்னிலையில் தீர்மானத்தை வாசிக்கச் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். நகல் வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.

தென்னந்தோப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தீர்மான நகல் கையில் வந்த பிறகு அதை எங்கே கொடுப்பது? ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை கொடுக்கிற மனு மீண்டும் அதே நெடுஞ்சாலை அலுவலகத்துக்குத்தானே திரும்பும்?

சாலை ஆய்வாளர் (ஓய்வு) எழுதியது:

திரும்பும். அதனால்தான் முகவரியை மாற்ற வேண்டும். மனுவை 'மாவட்ட ஆட்சியர்' என்று மட்டும் எழுதாமல் 'மாவட்ட ஆட்சியர் மற்றும் தலைவர், மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு' என்று எழுதுங்கள். கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், மாவட்டந்தோறும் இந்தக் குழு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 நவம்பர் 30 அன்று உத்தரவிட்டது. காவல், நெடுஞ்சாலை, போக்குவரத்து என்று உங்களை அலைக்கழித்த துறைகள் அங்கே ஒரே மேசையில் உட்காருகின்றன. 'எங்கள் வேலை இல்லை' என்று ஒருவர் சொன்னால் அடுத்த நாற்காலியில் பதில் சொல்ல ஆள் இருப்பார். நகலை நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், மனுமீது என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாட்களில் சொல்லியாக வேண்டும்.

தீர்மானத்துக்கு ஒரு வாசகம் எழுதித் தருகிறேன், உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

'எங்கள் ஊராட்சி எல்லைக்குள், தொடக்கப் பள்ளிக்கு 200 மீட்டர் முன்பிருந்து பால் கூட்டுறவுச் சங்கத்தைக் கடந்து 200 மீட்டர் வரை, மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 112-இன் கீழ் மணிக்கு 30 கிலோமீட்டர் வேக வரம்பை அறிவிக்கவும். பிரிவு 115-இன் கீழ் காலை 5 முதல் 9.30 மணி வரையிலும் மாலை 3.30 முதல் 6 மணி வரையிலும் கனரக சரக்கு வாகனங்களைத் தடை செய்யவும். பள்ளி முன்பு உயர்த்திய நடைக்கடப்பும் கோயில் வளைவில் அம்புப் பலகைகளும் சோலார் எச்சரிக்கை விளக்கும் அமைக்கவும். இவற்றை முடிவு செய்யும் முன் துறை அலுவலர்கள் பால் ஊற்றும் நேரத்தில் நேரில் வந்து தணிக்கை செய்யவும் இக்கிராம சபை கோருகிறது.'