டெட் பேண்டுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேணும்: தண்ணீர்க் கருவியின் அலாரம் பற்றி

ஹட்டன் பக்கமிருந்து, கருவி டெக்னீஷியன்:

எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. வடிகட்டியைத் தாண்டி வரும் தண்ணீரில் கலங்கலை அளக்க ஒன்று, டேங்கியில் மிஞ்சியிருக்கும் குளோரீனை அளக்க மற்றது. ராத்திரி பகல் இல்லாமல் இரண்டும் தாமாகவே அளந்துகொண்டிருக்கும். எல்லை மீறினால் ரிலே (கருவி தானாகவே போட்டு நிறுத்தும் மின் சுவிட்ச்) இழுக்கும், வாசலில் மாட்டிய ஹோர்ன் அடிக்கும். அந்த ஹோர்னுக்கு எங்கள் பையன்கள் வைத்த பேர் சங்கு. தேயிலை ஸ்டோர் சங்கைக் கேட்டு எழும்பி வளர்ந்தவர்கள், வேறு என்ன சொல்வார்கள்?

கருவியோடு வந்த புத்தகம் முழுக்க ஆங்கிலம். இரவு வேலைக்கு நிற்பவர்களுக்காக ஒரு பக்கத்தில் தமிழ் அட்டை எழுதி, கருவிக்குப் பக்கத்தில் ஒட்டலாம் என்று உட்கார்ந்தேன். வெளியீடு, எல்லை, அளவீடு எல்லாம் தகராறு இல்லாமல் வந்துவிட்டன. 4 முதல் 20 மில்லியம்பியர் வரை போகும் வெளியீட்டைக்கூட விளக்கிவிட்டேன்: 0 முதல் 10 என்.டி.யூ. (கலங்கலை அளக்கும் அலகு) வரை என்று வைத்திருப்பதால் 4 என்றால் தெளிந்த தண்ணீர், 7.2 என்றால் கலங்கல் 2, மீற்றரில் 0 என்று விழுந்தால் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தமில்லை, வயர் அறுந்துவிட்டது. முட்டிக்கொண்டு நிற்பது ஒரே இடத்தில்தான். டெட் பேண்ட், அதாவது அடித்த சங்கு நிற்க அளவு எல்லையிலிருந்து எவ்வளவு விலகித் திரும்ப வேண்டும் என்ற இடைவெளி.

அது ஏன் முக்கியம் என்பதற்கு என் தலையில் நானே போட்டுக்கொண்ட மண்ணைச் சொல்கிறேன். போன வருஷம் ஆடி மாசம். வட்டவளைப் பக்கம் மழை எப்படிப் பெய்யும் என்று தெரியாதவர்கள் இங்கே குறைவு, வருஷத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும் இடம். அன்றைக்கு ஓடை செந்நிறமாகிவிட்டது. வடிகட்டிக்குப் பிறகும் கலங்கல் 0.6-லிருந்து மெல்ல ஏறி 2 கிட்டே வந்து நின்றது. அலாரம் எல்லையும் 2.0. டெட் பேண்ட் என்ற இடத்தில் பூச்சியம். 1.98, சங்கு இல்லை. 2.03, சங்கு. 1.97, நின்றது. 2.04, மறுபடி சங்கு. சில நொடிக்கு ஒருமுறை இதே கூத்து. பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) ஒருவரும் கண் மூடவில்லை. மூன்று மணிக்கு ஒப்பரேட்டர் சங்கின் வயரைக் கழற்றிவிட்டார். காலையில் நான் போனபோது வயர் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஐந்து மணிக்கு நேராகப் பதிவுப் புத்தகத்தில் அவர் கையெழுத்தில் 2.8. தண்ணீர் கெட்ட நேரத்தில் சங்கு ஊமை.

அவரை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த இடத்தில் பூச்சியத்தை விட்டுவைத்தவன் நான்.

இப்போது அங்கே 0.4 போட்டிருக்கிறேன். 2.0-ல் சங்கு அடிக்கத் தொடங்கினால் 1.6-க்குக் கீழே இறங்கினால்தான் நிற்கும். இந்த 0.4-க்குத் தமிழில் என்ன? எனக்கு வந்தவை: 'செத்த இடைவெளி' (அட்டையில் இதை ஒட்டினால் பூசை போடச் சொல்வார்கள்), 'உணரா வீச்சு', 'இடைத்தட்டு'. ஒன்றும் பிடிக்கவில்லை. கொஞ்சம் கை கொடுங்கள்.


பண்டாரவளையிலிருந்து, ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியர்:

தம்பி, கேள்வி நல்லது. நீங்கள் சொல்லும் சங்கதியின் தாய்ச்சொல் ஹிஸ்டரிஸிஸ். 1880களில் இரும்பின் காந்தத் தன்மையை ஆராய்ந்த ஜேம்ஸ் ஈவிங் என்ற பௌதிகவியலாளர், பின்தங்குதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை எடுத்து இந்தப் பேரை வைத்தார். காந்தப்புலத்தைக் குறைத்தாலும் இரும்பு உடனே கூடவே இறங்கிவராது, பின்தங்கியே வரும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதற்குத் 'தயக்கம்' என்ற அழகான சொல் இருக்கிறது. இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் அலைய வேண்டும்? 'அலாரத் தயக்கம் 0.4' என்று எழுதிவிடுங்கள்.

ரிலேக்கு 'அஞ்சல் ஆளி' என்றும் எழுதலாம். அஞ்சலோட்டம் ஓடாத பிள்ளை நம் பள்ளிக்கூடங்களில் உண்டா?


தலவாக்கலையிலிருந்து, பொறியியல் மாணவி:

வணக்கம் மாஸ்டர், வணக்கம் அண்ணே.

மாஸ்டரோடு ஒரு சின்ன வழக்கு. 'தயக்கம்' காந்தத்துக்குச் சரி. ஆனால் அட்டையில் 'அலாரத் தயக்கம்' என்று வாசிக்கும் ஒருவர் என்ன நினைப்பார்? அலாரம் அடிக்கத் தயங்குகிறது என்றுதானே? உண்மையில் அடிப்பதில் ஒரு தயக்கமும் கிடையாது. நிற்பதில்தான் தயக்கம். அதோடு கருவியில் இன்னொரு அமைப்பும் இருக்கிறது, அலாரத் தாமதம். எல்லை தாண்டி இத்தனை நொடி நிலைத்தால்தான் ரிலே இழுக்க வேண்டும் என்பது அது. தாமதம் நேரத்தில் அளக்கிற பொருள், டெட் பேண்ட் கலங்கலில் அளக்கிற பொருள். 'தயக்கம்' என்றால் இரண்டும் ஒன்றாகக் குழம்பும்.

கறாராகப் பார்த்தால் டெட் பேண்டும் ஹிஸ்டரிஸிஸும்கூட ஒன்றல்ல. உள்ளே எவ்வளவு அசைந்தாலும் வெளியே அசைவில்லாத பகுதி முதலாவது. ஒரே 1.8 என்ற அளவுக்கு, எந்த வழியாக வந்தோம் என்பதைப் பொறுத்து வெளியே வேறு வேறு விடை கிடைப்பது இரண்டாவது. அண்ணனின் சங்கு இரண்டாவது வகை. கலங்கல் ஏறும்போது 1.8-ல் சங்கு இல்லை, இறங்கும்போது அதே 1.8-ல் சங்கு உண்டு. மின்னணுவியலில் இப்படி வேலை செய்யும் சுற்றை ஷ்மிட் ட்ரிகர் என்று படிக்கிறோம். ஓட்டோ ஷ்மிட் மாணவராக இருந்த காலத்தில் கணவாய் மீனின் நரம்பை ஆராயும்போது எண்ணியது, 1938-ல் வெளியிட்டார். ஆனால் கருவி செய்பவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. மெனுவில் சிலர் ஒன்றைப் போடுகிறார்கள், சிலர் மற்றதை.

இன்னொன்று. ஏறு எல்லை, இறங்கு எல்லை என்று யாராவது எழுதுமுன் சொல்லிவிடுகிறேன்: குளோரீனுக்கு அது தலைகீழாகிவிடும். அங்கே குறைந்தால்தான் அலாரம்.


ஹட்டன் பக்கமிருந்து:

மாஸ்டர், தங்கச்சி, இரண்டு பேருக்கும் நன்றி. இரண்டு நாள் யோசித்தேன். ரிலேயை ரிலே என்றே விட்டுவிடுகிறேன் மாஸ்டர். அஞ்சல் ஆளி என்றால் தபால்கந்தோரில் தேடப் போய்விடுவார்கள்.

தங்கச்சி குளோரீனை எடுத்ததுதான் எனக்குக் கண் திறந்தது. டேங்கியில் லீற்றருக்கு 0.3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அலாரம் என்று வைத்திருக்கிறேன். வாடிக்கையாக அங்கே 0.6 நிற்கும். முந்தி ஒருமுறை, பாதுகாப்பு என்று நினைத்து டெட் பேண்டில் 0.5 போட்டுவிட்டேன். குளோரீன் செலுத்தும் மோட்டரின் கோளாறில் குளோரீன் இறங்கியது, சங்கு அடித்தது, மோட்டரைச் சரி செய்தோம், குளோரீன் 0.6-க்குத் திரும்பியது. சங்கு நிற்கவில்லை. ஏனென்றால் அது நிற்க 0.8 வேண்டும், எங்கள் டேங்கியில் 0.8 வருவதே இல்லை. கருவி பழுது என்று முடிவு கட்டி அரை நாள் பிரித்துப் போட்டேன். 0.5 என்ற எண்ணைப் பார்த்தபோது எனக்கு 0.8 கண்ணில் படவில்லை. இடைவெளியின் அகலத்தைச் சொல்லும் எண் அது. எனக்குத் தெரிய வேண்டியது சங்கு எங்கே நிற்கும் என்பது.

இந்த அகலத்திலும் கருவிக்குக் கருவி கணக்கு மாறும். ஒன்று அலகிலேயே கேட்கும். இன்னொன்று முழு வீச்சில் எத்தனை சதவீதம் என்று கேட்கும், 0 முதல் 10 வரை அளக்கும் கருவியில் 5 என்று போட்டால் அது 0.5 என்.டி.யூ. சில கருவிகள் அகலத்தை எல்லைக்கு ஒரு பக்கமாக வைக்கும், சில இரு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரிக்கும். ஆகவே அட்டையில் அகலத்தை மட்டும் எழுதுவதில் பிரயோசனம் இல்லை. இரண்டு எல்லைகளுக்கும் தனித்தனிப் பேர் வைத்து இரண்டு எண்களையும் எழுத வேண்டும். நான் இவ்வளவு நாளும் தப்பான பொருளுக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தேன்.

மழையை நாம் எப்படிச் சொல்கிறோம்? மழை பிடிச்சிருச்சு. மழை விட்டிருச்சு. அப்படியே வைத்தேன்: சங்கு பிடிக்கிற இடம் 'பிடி எல்லை', சங்கு விடுகிற இடம் 'விடு எல்லை'. ஏற்றமா இறக்கமா என்ற கேள்வியே வராது. கலங்கலுக்குப் பிடி 2.0, விடு 1.6. குளோரீனுக்குப் பிடி 0.3, விடு 0.4. ஒப்பரேட்டர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். ஒரு கேள்வியும் கேட்காமல் விளங்கிக்கொண்டார். பிறகு அவரே சொன்னார்: "அப்ப நடுவுல இருக்கிறது தூவானம்." மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, அந்தத் தூவானம். எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டது, ஆனாலும் சங்கு விடவில்லை.

மாஸ்டர் சிரிப்பார் என்று தெரியும். ஆனால் நான் இதுவரை கேட்ட சொற்களில் இதுதான் பொருளைச் சரியாகத் தொடுகிறது.


தலவாக்கலையிலிருந்து:

அண்ணே, தூவானத்துக்கு நான் கைதட்டுகிறேன். 'பிடி'யில் மட்டும் ஒரு சிக்கல். சென்சரைக் கழுவும்போது, அளவு திருத்தும்போது ஹோல்ட் போடுகிறோம் இல்லையா? வெளியீடு கடைசி அளவிலேயே நிற்கும், அலாரமும் வாய் திறக்காது. அதை எல்லாரும் 'பிடிச்சு வைக்கிறது' என்றுதான் சொல்வார்கள். ஒரே அட்டையில் 'பிடி' இரண்டு வேலை செய்தால் ஆபத்து. ஹோல்டை எடுக்க மறந்துவிட்டால் கருவி குருடு. அந்தச் சொல் தனியாக, பளிச்சென்று இருக்க வேண்டும்.

'தொடு எல்லை' என்று மாற்றினால் என்ன? தொடு, விடு. எதுகையும் தானாக அமைகிறது.


பண்டாரவளையிலிருந்து:

தொடு எல்லை நல்ல சொல். தாமதத்துக்கும் உதவும். எல்லையைத் தொட்டதும் நேரம் எண்ணத் தொடங்குகிறது, அந்த நேரம் முடிந்தும் தண்ணீர் எல்லைக்குள் திரும்பாவிட்டால் சங்கு. அதற்குப் 'பொறுநேரம்' என்று வையுங்கள். தயக்கத்தை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், காந்தத்தோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

தூவானத்துக்கு மட்டும் என் கை தூக்காது. கவிதைக்குச் சரி. குளோரீன் குறைவதில் என்ன மழை, என்ன தூவானம்? 'விடு இடைவெளி' என்று நேராக எழுதுங்கள். நாளைக்கு இந்தச் சொல் பதுளையில் ஒரு நிலையத்துக்கும் போகும், யாழ்ப்பாணத்துக்கும் போகும். தூவானமே இல்லாத ஊரில் வாசிப்பவர் என்ன செய்வார்?


ஹட்டன் பக்கமிருந்து:

'பிடி' போனதில் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் தங்கச்சி சொன்னது நியாயம். ஹோல்ட் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போய், ஒரு மத்தியானம் முழுக்க ஒரே கோட்டை வரைந்த கருவி எங்களிடமும் உண்டு. தொடு, விடு என்றே வைத்தாயிற்று.

அட்டை இப்படி வந்திருக்கிறது:

"கலங்கல்: தொடு எல்லை 2.0. பொறுநேரம் 60 நொடி. விடு எல்லை 1.6. குளோரீன்: தொடு எல்லை 0.3. பொறுநேரம் 120 நொடி. விடு எல்லை 0.4. மெனுவில் டெட் பேண்ட் என்று கேட்டால் விடு இடைவெளியைப் போடவும்: கலங்கலுக்கு 0.4, குளோரீனுக்கு 0.1. இதைப் பூச்சியமாக்க வேண்டாம். சென்சர் கழுவி முடிந்ததும் ஹோல்டை எடுத்தாயிற்றா என்று பார்க்கவும். சங்கின் வயரில் கை வைக்க வேண்டாம்."

0.4 எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு: தண்ணீர் ஒரே நிலையில் ஓடும்போது கருவி எவ்வளவு ஆடுகிறது என்று ஒரு மணி நேரம் பார்த்தேன், உச்சிக்கும் அடிக்கும் 0.15. அதன் இரட்டிப்புக்குச் சற்று மேல். குளோரீன் கருவி அவ்வளவு ஆடாது, 0.03-தான். ஆனால் குளோரீன் மோட்டரை ஓட்டி நிறுத்தும் ரிலேக்கு இந்தக் கணக்கை அப்படியே தூக்கிப் போடாதீர்கள். அங்கே இடைவெளி அகலமானால் குளோரீன் ஒருநேரம் மூக்கைத் துளைக்கும், ஒருநேரம் காணாமலே போகும்.

அட்டையில் 'விடு இடைவெளி'தான் மாஸ்டர், நீங்கள் சொன்னபடி. நேற்று ராத்திரி மழை. பதினொரு மணிக்கு ஒப்பரேட்டர் போன் எடுத்தார். "அண்ணே, ரெண்டைத் தொட்டுச்சு, சங்கு அடிச்சுச்சு, இப்ப ஒண்ணு எட்டு. இன்னும் தூவானம் விடல."

அடுத்தது சங்கை நிறுத்தும் அந்தப் பொத்தான். அக்னொலெட்ஜ். அமுக்கினால் சத்தம்தான் நிற்கும், கலங்கல் நிற்காது, சிவப்பு லைட்டும் அணையாது. 'ஏற்பு' என்று முதலில் எழுதினேன், கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. பையன்கள் 'பார்த்தாச்சு' என்கிறார்கள். யாராவது சொல்லுங்கள்.